இ.சி. சுத்தம், பேங்க்கும் ஓகே சொல்லியாச்சு. தனியாக ஒரு வக்கீல் எதற்கு?

கேள்வி: 8 ஜூன் 2025

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பழைய தனி வீடு பார்த்திருக்கிறோம். விலை 62 லட்சம். 30 வருட இ.சி. (வில்லங்கச் சான்று) எடுத்தாயிற்று, ஒரு வில்லங்கமும் இல்லை. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. லோன் தரும் பேங்க்கின் வக்கீலும் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிட்டார். 'இதுக்கு மேல தனியா வக்கீல் வெச்சா காசுதான் தண்டம்' என்கிறார் புரோக்கர். அவர் சொல்வது சரியா?

பதில்: 8 ஜூன், இரவு 10.40

சரியில்லை. வீடு கைமாறினால் புரோக்கருக்குக் கமிஷன் வரும். தவணை கட்டினால் பேங்க்குக்கு வட்டி வரும். கோர்ட் நோட்டீஸ் என்று ஒன்று வந்தால் அது முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

2022ல் நானும் வீட்டுக்காரரும் இதே நிலையில் இருந்தோம். இ.சி. சுத்தம், பட்டா சரி, பேங்க் சரி. விற்பவர்களின் அப்பா 1988ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் 2016ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். விற்பவர்கள் இரண்டு மகன்கள். வாரிசுச் சான்றிலும் இருவர் பெயர், பட்டாவிலும் இருவர் பெயர். 50,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம்.

என் நாத்தனார் பிடிவாதம் பிடித்ததால்தான் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனேன். கட்டுக் காகிதத்தையும் புரட்டிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: 'ஏம்மா, செத்துப்போனவருக்குப் பொண்ணு கிண்ணு இல்லியா?'

அப்போதுதான் உறைத்தது. வீடு பார்க்கப் போனபோது கூடத்தில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய போட்டோ தொங்கியது. அதில் மூன்று குழந்தைகள். நடுவில் நின்றதற்கு ரெட்டை ஜடை.

அண்ணன் தம்பியிடம் கேட்டதற்கு, 'அவளுக்குத்தான் அப்பவே சீர் செனத்தி எல்லாம் செஞ்சு அனுப்பியாச்சே' என்றார்கள். 2005 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு சீர் செய்த கணக்கெல்லாம் எடுபடாது, மகளுக்கும் சம பங்கு. மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரியின் கையெழுத்தே இல்லாமல் நாங்கள் முழு வீட்டுக்கும் பணம் கொடுக்க இருந்தோம்.

9 ஜூன், காலை

'அப்படியென்றால் இ.சி.யில் ஏன் வரவில்லை' என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி வரும்? வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். ஒருவர் இறந்துபோவதை யாரும் பத்திரமாக எழுதிப் பதிவு செய்வதில்லை. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அங்கே இருக்காது. பதிவு செய்யாத உயில், வீட்டுக்குள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாடகைக்கு இருப்பவரின் வாய்ப்பேச்சு, எதுவும் வராது. கோர்ட் ஜப்தி உத்தரவு பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் வரும். இல்லையென்றால் அதுவும் வராது.

'வில்லங்கம் இல்லை' என்று வரும் படிவம் 16ஐப் பார்த்து நிறையப் பேர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால்தான் பயம். 30 வருடமாக ஒரு வீட்டின் மேல் ஒரு பத்திரமும் இல்லையென்றால் உள்ளே ஒரு தலைமுறை மாறியிருக்கும், அது காகிதத்துக்கு வந்திருக்காது.

9 ஜூன், மதியம்

இன்னொன்று. தேடும்போது சர்வே எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா? பழைய பத்திரத்தில் 112/3 என்று இருக்கும். உட்பிரிவு ஆகி இப்போது அது 112/3ஏ1 ஆகியிருக்கும். புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய பத்திரங்கள் கண்ணில் படாமல் போகலாம். இரண்டையும் போட்டுத் தேடுங்கள். அந்தக் கிராமம் முன்பு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது என்றும் பாருங்கள், எல்லை மாறிக்கொண்டே இருக்கும்.

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1988ல் எழுதிய பத்திரம் என்றால் அதில் செங்கல்பட்டு மாவட்டம். அப்புறம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997ல் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் திரும்பவும் செங்கல்பட்டு. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பேர்தான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

9 ஜூன், இரவு

பேங்க் வக்கீல் பற்றி. அவர் ஒப்பினியன் எழுதுவது பேங்க்குக்கு. ஃபீஸ் நீங்கள் கட்டினாலும் அவருடைய கட்சிக்காரர் பேங்க்தான். சொத்தில் கோளாறு வந்தாலும் பேங்க் உங்கள் சம்பளத்திலிருந்து தவணையை வாங்கிக்கொள்ளும், அதுதான் அதற்கு உண்மையான ஜாமீன். எங்கள் விஷயத்தில் பேங்க் வக்கீல் வாரிசுச் சான்று இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, டிக் போட்டார். அவர் தப்பு செய்தார் என்று சொல்லவில்லை. அந்தக் கூடத்துப் போட்டோவை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

ஆனாலும் அந்த ஒப்பினியன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கடைசிப் பக்கத்தில் 'இன்னின்ன அசல் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளவும்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அவர் எங்கே தயங்கியிருக்கிறார் என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும்.

10 ஜூன்

திருத்தம். முந்தாநாள் 2005 சட்டத்திருத்தம் என்று எழுதியது தவறு. வக்கீல் அம்மாவிடம் போனில் பேசும்போது மாட்டிக்கொண்டேன். 'அந்த வீடு அவர் சுயமா சம்பாதிச்சதுதானே? அதுக்கு 2005 எதுக்கு? 1956லேர்ந்தே பொண்ணுக்குச் சம பங்கு' என்றார்.

விஷயம் இதுதான். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போனால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ன்படி மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. 2005 செப்டம்பர் 9ல் வந்த திருத்தம் பூர்வீக கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்களுக்கு அந்த உரிமை உண்டு. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005 திருத்தத்தின் உரிமைக்கு அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

சுயார்ஜிதமா பூர்வீகமா என்று தெரியாமல் வாரிசுக் கணக்குப் போட முடியாது. அதற்குத்தான் தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறி வந்த மூலப் பத்திரம்) வேண்டும்.

இந்து அல்லாத குடும்பம் என்றால் கணக்கே வேறு. இதை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

12 ஜூன்

பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. வருவாய்த்துறைக் கணக்கு, அவ்வளவுதான். கோர்ட்டுகள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன.

12 ஜூன், இரவு

மேலே ரொம்பக் கறாராக எழுதிவிட்டேன் போல. பட்டாவைப் பார்க்கவே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லையென்றால் அங்கே ஏதோ கதை இருக்கிறது. வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு இருக்கும். புறம்போக்கா (அரசு நிலம்), நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்) என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1892 ஆணைப்படி கொடுத்த பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் தவிர மற்றவர் வாங்க முடியாது. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை கூடவே வரும்.

அப்புறம் புலப்படம், அதாவது நிலத்தின் அளவு காட்டும் சர்வே வரைபடம். அதை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு சர்வேயரோடு நேரில் போய் டேப் பிடியுங்கள். நாங்கள் கடைசியில் வாங்கிய வீட்டுப் பத்திரத்தில் 2,400 சதுர அடி, ஒரு முழு கிரவுண்டு. அளந்தால் 2,310. மேற்குப் பக்கத்து வீட்டுச் சுவர் எங்கள் பக்கம் நகர்ந்து வந்து இருபது வருடம் ஆகியிருக்கிறது. 90 சதுர அடிக்குச் சண்டை போடுவதா என்று விட்டுவிட்டு விலையைக் குறைத்துக்கொண்டோம். பத்திரத்திலும் அளவைத் திருத்தியே எழுதச் சொன்னோம். இல்லாத 90 அடியை எழுதி வாங்கினால் நாளைக்கு நாம் விற்கும்போது அதே சங்கடம்.

விற்றவர், 'சென்ட் கணக்குல பாத்தா சரியா வரும் மேடம்' என்றார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எந்தக் கணக்கில் பார்த்தாலும் சுவர் அங்கேயேதான் நின்றது.

14 ஜூன்

ஒப்பந்தம் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார்: 'ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம், 5 லட்சம் அட்வான்ஸ், பதிவு செய்யவில்லை, பரவாயில்லையா?'

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் சொத்து விற்பதற்கான பவர் பத்திரத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தம் வெறும் காகிதம். கோர்ட்டில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பதிவு செய்தாலும் ஒப்பந்தத்தால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 54 அதை நேராகவே சொல்கிறது. ஆனால் பதிவு செய்தால் இ.சி.யில் ஏறும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்கப் பார்த்தால் அவர் கண்ணில் படும். அந்த ஒன்றுக்காகவே பதிவு செய்யலாம்.

17 ஜூன்

மறுபடியும் திருத்தம், மறுபடியும் வக்கீல் அம்மா. 'வெறும் காகிதம்' என்று எழுதியது கூடுதல். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தத்தையும் 'ஒப்பந்தப்படி எழுதிக் கொடு' என்று கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக 5 லட்சம் கொடுத்தவர் உடைந்துபோக வேண்டாம். ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பிப் பதிவு செய்யாமல் விடவும் வேண்டாம். கோர்ட்டுக்குப் போனால் காகிதம் செல்லும் என்பது, கோர்ட்டுக்குப் போகத் தயாராக இருப்பவருக்கு ஆறுதல்.

எங்கள் 50,000 டோக்கனுக்கு ஒப்பந்தமே கிடையாது. புரோக்கரின் டைரியில் ஒரு வரி. திரும்பி வர நாலு மாதம் ஆனது, அதுவும் மூன்று தவணையாக.

18 ஜூன்

'சார்பதிவாளர் பார்த்துத்தானே பதிவு செய்கிறார், தப்பான ஆள் விற்றால் அவர் நிறுத்த மாட்டாரா?' இதை மூன்று பேர் வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள்.

மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. தமிழ்நாட்டில் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று பதிவு விதிகளில் 55ஏ என்று ஒன்று இருந்தது. அதில் முதல் உட்பிரிவு செல்லாது என்று 2025 ஏப்ரல் 7ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அலுவலரின் வேலையல்ல என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஆள் வந்தாரா, கையெழுத்துப் போட்டாரா, முத்திரைத் தீர்வை கட்டினாரா, இவைதான் அங்கே முக்கியம். எனக்கு உரிமை இல்லாத வீட்டை நான் உங்களுக்கு முறையாகப் பதிவு செய்து கொடுத்தால், உங்களுக்குக் கிடைப்பது முறையாகப் பதிவான ஒன்றுமில்லாத பத்திரம்.

அதனால்தான் முதல் நாளிலிருந்து ஆட்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் இருக்கும் பெயர்களை எல்லோரும் சரிபார்க்கிறார்கள். இருக்க வேண்டிய எந்தப் பெயர் இல்லை என்று யாராவது தேட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பத்து நிமிடம் பேசுங்கள். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் வந்து விழும்.

22 ஜூன்

கேட்டவர் வக்கீல் வைத்துவிட்டாராம். நல்லது.

22 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

பவர் ஏஜென்டிடம் வாங்குவது பற்றிக் கேட்டவருக்கு: பவர் வைத்திருப்பவர் சொந்தக்காரர் கிடையாது. பவர் பத்திரத்தையே விற்பனை மாதிரி வைத்துக்கொண்டு கைமாற்றுவதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணமாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது. அதற்காகத்தான் பதிவின்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் சான்று கேட்கிறார்கள். நீங்கள் சான்றோடு நிற்காதீர்கள். அவருக்கே ஒரு வீடியோ கால் போடுங்கள். 'அண்ணே, இன்ன விலைக்கு விக்கிறீங்களா?' என்று விலையைச் சொல்லிக் கேளுங்கள். ஏஜென்ட் சொன்ன விலையும் அவர் நினைத்திருக்கும் விலையும் ஒன்றாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

29 ஜூன்

டி.டி.எஸ். (விலையிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி). இதை ஏன் இவ்வளவு நாள் எழுதாமல் விட்டேன் என்றால், எனக்கு இதில் மானம் போன கதை இருக்கிறது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு, வருமானவரித்துறைக்குக் கட்ட வேண்டும் (2025ல் அதற்குப் படிவம் 26கியூபி). பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள். 62 லட்சத்துக்கு 62,000. விற்பவர் கணக்கில் வரவாகும், ஆனால் கட்டாவிட்டால் கழுத்தைப் பிடிப்பது உங்களை.

நாங்கள் வாங்கிய வீடு 58 லட்சம். வாங்கியது நானும் வீட்டுக்காரரும், விற்றது ஒரு தம்பதி. ஒரு வாங்குபவருக்கு ஒரு விற்பவர் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனிப் படிவம் என்பது எங்களுக்குத் தெரியாது. மொத்தம் நாலு. புரிந்து, கேட்டு, கட்டுவதற்குள் 23 நாள் தாமதம். தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஒரு படிவத்துக்கு. 4,600 வீதம் நாலு படிவத்துக்கு 18,400. வட்டி தனி. வக்கீல் ஃபீஸில் பேரம் பேசி 2,000 குறைத்த பெருமையோடு அலைந்தவள் நான்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே அந்தத் தொகைக்கும் பிடிக்க வேண்டும். விற்பவரின் பான் எண் ஆதாரோடு இணைந்து உயிரோடு இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். செயலிழந்த பான் என்றால் 20 சதவீதம் வரை பிடிக்க வேண்டிய நிலை வரும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கதையே கிடையாது, அது வேறு பிரிவு, பிடித்தமும் பெரிது. ஆடிட்டரைப் பாருங்கள்.

6 ஜூலை

செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 62 லட்சத்துக்கு 4,34,000ம் 1,24,000ம், ஆக 5,58,000. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதன் மேல் கட்ட வேண்டும். 2023க்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதம். வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டு இதை இறக்கினார்கள், இந்தக் கை கொடுத்ததை அந்தக் கை வாங்கிக்கொண்டது. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. செங்கல்பட்டுப் பக்கம் 10 லட்சத்துக்கு வீடு இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். வீடு நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். இதை விற்பவரிடம் சொன்னாலே பாதிப் பேர் வழிக்கு வருவார்கள். உங்களுக்கு என்ன நஷ்டம் என்றால், ஒப்பந்தம் முறிந்தால் அந்தப் பணத்துக்குச் சாட்சி கிடையாது. வீட்டை விற்கும்போது அது உங்கள் வாங்கிய விலையிலும் சேராது.

7 ஜூலை

ஃபிளாட் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று பாருங்கள், எல்லா ஃபிளாட்டின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்துக்குச் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். முன்பு நிலப் பங்குக்கு ஒரு கிரயம், கட்டடத்துக்குக் கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டாக எழுதுவார்கள். 2023 டிசம்பரிலிருந்து இரண்டையும் சேர்த்தே கிரயம். மிகச் சிறிய திட்டம் தவிர, புதுத் திட்டமாக இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை.

மனை என்றால் அங்கீகாரம். 2016 அக்டோபர் 20 என்ற தேதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கீகாரமில்லாத மனைப் பதிவுக்குத் தடை வந்த நாள். நான் ஃபிளாட்டும் வாங்கியதில்லை, மனையும் வாங்கியதில்லை. இதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

20 ஜூலை

கேட்டவரின் வக்கீல் ஒன்றைப் பிடித்துவிட்டார்! விற்பவரின் அப்பா 1984ல் வாங்கிய வீடு. 1986ல் ஒரு கூட்டுறவு வீட்டுக்கடன் சங்கத்துக்கு அடமானம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடமானம் தீர்ந்ததற்கு ரசீதுப் பத்திரம் எதுவும் பதிவாகவில்லை. 30 வருட இ.சி. 1995ல் ஆரம்பிக்கிறது. 1986 அதற்குள் எப்படி வரும்?

புரோக்கர், 'அதெல்லாம் செத்த பாம்பு மேடம், காலாவதி' என்றாராம் (கேட்டவரின் மனைவியிடம்). வழக்குப் போடும் காலக்கெடு என்று பார்த்தால் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் செத்த பாம்பு இ.சி.யில் படுத்தே கிடக்கும். நாளைக்கு இவர் விற்கப் போகும்போது அடுத்த வக்கீல் கண்ணில் படும். அசல் தாய்ப்பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. கடன் தீர்த்தவர் பத்திரத்தை வாங்கி வந்தாரா?

20 ஜூலை, இரவு

ஏன் 30 வருடம் என்ற வழக்கம் வந்தது என்று வக்கீல் அம்மாவிடமே கேட்டேன். தனியார் நிலத்தில் எதிரிடை அனுபவத்துக்கு (உரிமை இல்லாதவர் தன்னுடையது போல வைத்திருந்து உரிமை கோருவதற்கு) 12 வருடம், அரசு தன் நிலத்தை மீட்க வழக்குப் போட 30 வருடம். 30 வருடப் பழைய பத்திரத்தை, அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், கோர்ட் உண்மையென்று அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி. இதெல்லாம் சேர்ந்து 30 என்று பழகிவிட்டது. 'அதுக்காக 31வது வருஷத்துல நடந்தது நடக்கலேன்னு ஆயிடுமா?' என்றார்.

எப்போதோ வேறொருவருக்கு '30 வருடம் பார்த்தால் போதும்' என்று நானே எழுதிய ஞாபகம். அவர் இதைப் படித்தால் மன்னிக்கவும். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் தேடலாம், செலவும் பெரிதாக இல்லை. போகிற அளவு பின்னால் போங்கள். அதற்கும் முன்னால் வேண்டும் என்றால் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

3 ஆகஸ்ட்

அசல் பத்திரம் கிடைத்துவிட்டதாம், விற்பவரின் அத்தை வீட்டுப் பீரோவில், உள்ளேயே கடன் தீர்த்த ரசீதோடு. சங்கம் இப்போது ரசீதுப் பத்திரம் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறது.

பத்திரம் கிடைக்காமல் போயிருந்தால்? போலீசில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பேப்பரில் விளம்பரம், சான்றிட்ட நகல். எல்லாம் செய்யலாம். ஆனாலும் 'அசல் தொலைந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது பீரோவை அல்ல, வட்டிக்கடையைத்தான்.

31 ஆகஸ்ட்

நாளன்றைக்குக் கையெழுத்தாம். வரைவை அனுப்பியிருந்தார், சொத்து விவரத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். நான்கு எல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருக்கிறது. தெரு வீட்டுக்குப் பின்னால் போகிறது!

ஆவண எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து டைப் செய்ததில் வந்த தப்பு. இதை விட்டுவிட்டால் பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவர் திரும்ப வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் வாங்கிய பிறகு அவர் போனை எடுப்பாரா என்பது உங்கள் நட்பைப் பொறுத்தது. வரைவைக் கணவனும் மனைவியும் தனித்தனியாக, வாய்விட்டுப் படியுங்கள். அப்பா பெயர், இனிஷியல், ஆதார் எண், கதவு எண், சதுர அடி எண்ணிலும் எழுத்திலும். எங்கள் பத்திரத்தில் என் மாமனார் பெயரில் ஒரு கால் விட்டுப்போய் அவர் வேறு ஆளாகிவிட்டார். நல்லவேளை, அவரே கூட வந்திருந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலேயே பிடித்துவிட்டார்.

2 செப்டம்பர்

பதிவு முடிந்தது என்று செய்தி. காலை 11 மணி டோக்கன், கைரேகை வைத்தபோது மாலை 4. நெட்வொர்க்.

14 செப்டம்பர்

பட்டா மாறுதல், வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறப்பார்கள். நான் ஒரு வருடம் விற்றவர் பெயரில்தான் கரண்ட் பில் கட்டினேன். 26கியூபிக்குக் கடைசி நாள் அக்டோபர் 30. எத்தனை படிவம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

5 அக்டோபர்

'முதலில் பார்த்த அந்த வீடு என்ன ஆனது? அக்காவா தங்கச்சியா, விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தாரா?' என்று இத்தனை மாதம் கழித்து ஒருவர் கேட்கிறார்.

தங்கச்சி. எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் இதுவரை நேரில் வந்து கேட்கவில்லை, ஒரு பேப்பரைத்தான் கொடுத்தனுப்பினார்கள் என்று வக்கீல் அம்மாவிடம் சொன்னாராம்.

போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். வீடு பூட்டியிருக்கிறது. கேட்டில் 'விற்பனைக்கு' என்ற அதே பலகை. அப்போது அதில் இரண்டு போன் நம்பர் இருந்தது. இப்போது கீழே வேறு கையெழுத்தில் மூன்றாவதாக ஒன்று எழுதியிருக்கிறது.